மூன்றாம் சரத்து

மணிக்கு எழுபத்தைந்து பிராங்க். ரயில் காசு தனி.
லாங்னௌ தேனீ வளர்ப்போர் சங்கத்தின் மாடியறையில்
இரண்டு மொழிகளுக்கு நடுவே
எனக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி.

வெளியே பங்குனியிலும் பனி.
கூரையிலிருந்து அது தொம்மெனச் சரியும்போதெல்லாம்
பெள்ளி எழுந்து போய் ஜன்னலில் பார்த்தாள்,
யாரோ மரத்திலிருந்து குதித்த மாதிரி.

கோத்தகிரிக்குக் கீழே சரிவில் பதினாறு வீடு.
அங்கிருந்து பெள்ளியும் அவள் அண்ணன் மாசணனும்.
மேசைக்கு அந்தப் பக்கம்
தலைவர் ருயேடி ஆஷ்லிமான், பொருளாளர் தெரேஸ்,
பெர்னிலிருந்து மடிக்கணினியோடு வந்த திட்ட அலுவலர்,
பெயர் மறந்துபோன இன்னும் இருவர்.

அவள் தமிழ் என் தமிழல்ல.
நான் வவுனியாவில் பேசிப் பழகியது;
அவள் எஸ்டேட் கங்காணியோடு
சண்டை போட்டுப் பழகியது.
அண்ணனும் தங்கையும் குறும்ப மொழிக்குத் தாவியபோது
நானும் அந்த ஐந்து பேரைப் போலவே
ஒன்றும் புரியாமல் மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

முதல் சரத்து: தேன் வடிக்கும் இயந்திரம். சரி.
இரண்டாவது: கணக்கெழுதப் பயிற்சி.
சரி, ஆனால் மழைக்காலத்தில்தான் வருவோம்.
மூன்றாவதில் சங்கத்தைப் பற்றி ஒரு சொல்.
யோசிக்காமல் சொன்னேன்:
"இவர்கள் உங்கள் பங்காளிகள்."

மாசணன் சிரித்த சிரிப்பில்
காப்பிக் கோப்பை தளும்பியது.
"பங்காளியா? ஐயோ, வேண்டாம்மா."

பெள்ளி சிரிக்கவில்லை. விளக்கினாள்.
"என் புருசன் பாறையில இறங்குவான்.
காட்டுக்கொடி திரிச்ச ஏணி, நூறு முழம்.
மேலே அதைக் காக்குறது இவன்.
அவன்கூடப் பொறந்தவங்க பக்கத்துலயே வரக்கூடாது.
பங்காளிக்கு, அவன் விழுந்தா ஒரு பங்கு மிச்சம்.
மச்சானுக்கு, அவன் விழுந்தா தங்கச்சி தாலியில்ல."

ஜெர்மனில் 'மச்சான்' என்று சொன்னதும்
மேசையின் அந்தப் பக்கமும் சிரித்தது.
ருயேடி கைகளை விரித்தார்:
எங்கள் வீட்டுப் பெண் யாரையும்
உங்களுக்குக் கட்டிக்கொடுக்கவில்லையே!

"அதைத்தான் கேக்குறேன்" என்றாள்.
"ஏணி அறுந்தா உங்க பக்கம் யார் அழுவாங்க?"

இதை மொழிபெயர்க்க எனக்கு நேரம் பிடித்தது.
மொழிபெயர்த்த பிறகு
ஹீட்டர் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.
திட்ட அலுவலர் எதையோ தட்டெழுதி, அழித்தார்.

மாசணன் ஜன்னலைக் காட்டினான்.
"அந்த மேட்டுக் காடு யாருது?"
ஊர்ப் பொது என்றார் தெரேஸ்.
"சீட்டு இருக்கா?"
இருக்கிறது. ஆட்டுத்தோலில் எழுதியது. பெட்டகத்தில்.
"எங்க மனு பதினோரு வருசமா
கலெக்டர் ஆபீசுல இருக்கு. தோலில்லை, தாளு.
கரையான் தின்னிருக்கும்."

பிறகு பெள்ளி பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து வைத்தாள்.
கிறிஸ்துமஸ் சந்தையில் இவர்கள் விற்கும் புட்டிதான்.
ஒட்டுத்தாளில் அவள் புருசன் முகம்.
பதினெட்டு பிராங்க்.
இந்த வாசலின் புதுக் கூரைக்குப் பாதிக் காசு
அந்த முகம் தந்தது.

"எங்க மனு தள்ளுபடியானா
உங்க கடையும் அன்னைக்கே மூடணும்.
ஏன் மூடினீங்கன்னு வாங்க வர்றவங்ககிட்ட சொல்லணும்.
அதை எழுதுங்க மூணாவதுல."

போன குளிர்காலம் என் நாற்பது பெட்டியில்
முப்பத்தொன்று செத்தது, என்றார் ருயேடி திடீரென்று.
யாரும் கேட்கவில்லை.
உண்ணி. சர்க்கரைத் தண்ணீர் ஊட்டியும்.
அதை நான் சொன்னதும் மாசணன்
நாக்கைச் சப்புக் கொட்டி, அவர் பக்கம் நாற்காலியை இழுத்தான்.

கையெழுத்து ஆகவில்லை.
வைகாசியில் பொதுக்கூட்டம், ஓட்டெடுப்பு.
தெரேஸ் ஆதரிப்பார். திட்ட அலுவலர்
'அளவிட முடியாதது' என்று ஓரத்தில் குறித்ததை
நான் பார்த்தேன்; மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஆறு மணி நான்கு ரயிலில்
வரைவைத் தமிழில் திருத்துகிறேன்.
அந்தச் சொல் வருமிடமெல்லாம் கோடு போட்டு விட்டிருக்கிறேன்.
முதல் கோட்டின் மேல் மட்டும், பென்சிலால்:
மச்சான்.
அருகே ஒரு கேள்விக்குறி,
ரயில் குலுங்கியதில் கொஞ்சம் நீண்டு.